முதலில் இறங்கப் பழக்குங்கள்: கடற்கரைப் பெண் பிள்ளைகளுக்கு வலுப்பயிற்சி தொடங்குவது எப்படி?

மாலை ஐந்தரை மணி இருக்கும். ராமநாதபுரம் மாவட்டம், உச்சிப்புளிப் பக்கம் ஒரு மைதானம். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வாலிபாலில் ஸ்மாஷ் அடிக்கக் குதித்தாள். நல்ல உயரம், பந்தும் எதிர்ப் பக்கம் காலியான இடத்தில் போய் விழுந்தது. அவள் வலது காலில் இறங்கினாள். முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் ஆளே இல்லை.

"யாரும் தள்ளல மிஸ். முட்டிக்குள்ள டப்புன்னுச்சு."

இருட்டுவதற்குள் முட்டி வீங்கிவிட்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் ஜவ்வு கிழிந்திருந்தது. அதற்கு முந்தைய இரண்டு மாதமும் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது உயரமாகக் குதிப்பதைத்தான். எப்படி இறங்க வேண்டும் என்று ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. ஏனென்றால் எனக்கும் யாரும் சொல்லித்தந்ததில்லை. நான் கபடி ஆடிய காலத்தில் பயிற்சி என்றால் மைதானத்தைப் பத்து சுற்று ஓடுவது, அப்புறம் ஆட்டம்.

இந்தக் கட்டுரை, புதிதாகப் பெண் பிள்ளைகளைப் பழக்கத் தொடங்கும் பி.டி. டீச்சருக்கும், ஊர் டீமைக் கட்டி மேய்க்கும் அக்காக்களுக்கும், மகளை மைதானத்துக்கு அனுப்பும் அப்பா அம்மாவுக்கும். ஜிம் தேவையில்லை. மண்டபத்திலிருந்து சாயல்குடி வரை எந்தக் கடற்கரை ஊரிலும் கிடைக்கும் சாமான்களே போதும்.

முட்டிக்குள் என்ன நடக்கிறது

பெண் பிள்ளைகள் பன்னிரண்டு வயதை ஒட்டித்தான் மிக வேகமாக வளர்கிறார்கள். கால் எலும்புகள் நீள்கின்றன, எடை கூடுகிறது. பையன்களுக்கு அந்த வளர்ச்சியோடு சேர்ந்து டெஸ்டோஸ்டிரோன் ஏராளமாகச் சுரந்து, தசையும் தானாக ஏறிவிடும். பெண் பிள்ளைகளுக்கு அந்த அளவு ஏறாது. வள்ளத்தைப் பெரிதாக்கிவிட்டுப் பழைய மோட்டாரையே மாட்டியது மாதிரி. பலத்தைப் பயிற்சியால்தான் கொண்டுவர வேண்டும்.

பயிற்சி இல்லாத பிள்ளை குதித்து இறங்குவதைக் கவனியுங்கள். முட்டியும் இடுப்பும் மடங்காமல் விறைப்பாக வந்து நிற்பாள். முட்டி இரண்டும் உள்ளே சாய்ந்து ஒன்றையொன்று தட்டப் பார்க்கும். பாரம் முழுவதையும் முன்தொடையே வாங்கிக்கொள்ளும். பின்தொடையும் பிட்டமும் சும்மா வேடிக்கை பார்க்கும். முட்டிக்குள் குறுக்காக ஓடும் ஒரு ஜவ்வு தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் கட்டி வைத்திருக்கிறது. டாக்டர்கள் அதை ஏ.சி.எல். என்பார்கள். கால் விறைப்பாக ஊன்றி முட்டி உள்ளே சாயும்போது அதுதான் கிழிகிறது. குதித்துத் திரும்பும் விளையாட்டுகளில், ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் கிழிசல் இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் இடித்து நடப்பதில்லை. இறங்கும்போதும், ஓடி வந்து சட்டென்று நிற்கும்போதும், திரும்பும்போதும் தானாக நடக்கிறது.

கால் தரையைத் தொட்டதிலிருந்து சுமார் 50 மில்லி விநாடிக்குள் ஜவ்வு கிழிந்துவிடுவதாக, காயம்பட்ட ஆட்டங்களின் வீடியோக்களை அலசியவர்கள் கண்டிருக்கிறார்கள். ஒரு விநாடியை இருபதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. கோட்டுக்கு வெளியே நின்று "பார்த்து இறங்கு" என்று நாம் கத்துவது அவள் காதில் விழும் முன்பே எல்லாம் முடிந்திருக்கும். அந்த நேரத்தில் அவளாலும் யோசித்துத் திருத்த முடியாது. உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

நல்ல செய்தி, இதைப் பழக்க முடியும். ஃபிஃபா 11 பிளஸ் என்று ஒரு வார்ம்-அப் இருக்கிறது. 15 பயிற்சிகள், 20 நிமிடம். நார்வேயில் 13 முதல் 17 வயதுள்ள கால்பந்துப் பெண்களிடம் ஒரு சீசன் முழுக்க அதைச் செய்துபார்த்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கும், கடுமையான காயங்கள் கிட்டத்தட்டப் பாதியளவுக்கும் குறைந்திருந்தன. நான் கீழே சொல்வதில் பாதிக்கு மேல் அதே சரக்குதான், நம் மண்ணுக்கு ஏற்ற மாதிரி மாற்றியது.

வீட்டில் கேட்கும் கேள்விகள்

மைதானத்தில் முதல் பயிற்சி தொடங்கும் முன் வாசலில் ஒரு ஆட்டம் ஆட வேண்டியிருக்கும். "வெயிட்டு தூக்கினா வளர மாட்டா", "ஆம்பள மாதிரி ஆயிருவா", "கர்ப்பப்பை இறங்கிடும்". மூன்றும் தப்பு. ஒருவர் பக்கத்தில் நின்று சரியான முறையில் பழக்கும் வலுப்பயிற்சியால் வளர்ச்சி நிற்பதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2020இல் வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது. இந்த வயதில் எலும்புக்கு நல்ல பாரம் கிடைத்தால் எலும்பு கெட்டியாகும். பெண் பிள்ளைக்கு முதலில் ஏறுவது நரம்பும் தசையும் சேர்ந்து வேலை செய்யும் திறன்தான். கை கால் பருத்துப்போவதெல்லாம் அவ்வளவு சுலபத்தில் நடக்காது. கர்ப்பப்பை பற்றிய பயத்துக்கு அடிப்படையே இல்லை.

நான்காவது கேள்விதான் கெட்டி. பாசி எடுக்கப் போகும் ஒரு அம்மா கேட்டார்: "எம் மக தெனமும் தள்ளுவண்டில எட்டுக் கொடம் தண்ணி கொண்டு வரா டீச்சர். இதுக்கு மேல என்ன வெயிட்டு?"

நியாயமான கேள்வி. மகளைக் கூப்பிட்டு, நிறைகுடம் ஒன்றைத் தூக்கச் சொன்னேன். குனிந்தாள், முதுகை வில்லாக வளைத்தாள், இடது இடுப்புக்கு ஏற்றினாள். "வலது பக்கம் வை" என்றேன். நாலு அடி நடப்பதற்குள் தண்ணீர் அவள் பாவாடையில் கொட்டியது. அம்மா சிரித்துவிட்டார். அவருக்கும் அப்படித்தானாம். இருபது வருடமாக ஒரே இடுப்பு, இப்போது ஒரே பக்கம் வலி. வீட்டு வேலை பலம் தரும், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரே பக்கம், ஒரே மாதிரி. வண்டி தள்ளும் வேலையில் குதித்து இறங்குவதும் இல்லை, ஒற்றைக்காலில் திரும்புவதும் இல்லை. "சரிக்கா, வண்டி தள்ளுற நாள்ல நான் பாரத்தைக் குறைச்சுக்கிறேன்" என்றேன். அந்தப் பேச்சை நீங்களும் மறக்காதீர்கள். விடிகாலையில் தண்ணீர் சுமந்துவிட்டு வந்த பிள்ளைக்கு மாலையில் முழுப் பயிற்சி கொடுப்பது கொடுமை.

ஏழு எட்டு வயதில், சொன்னதைக் கேட்டுச் செய்யும் பக்குவம் வந்துவிட்டால் தொடங்கலாம். பெரிய மனுஷி ஆகும் வரை காத்திருக்க வேண்டாம். அதற்கு முன்பே தொடங்குவதுதான் மேல்.

முதல் வேலை: பாருங்கள்

ஒரு அடி, அதாவது 30 செ.மீ. உயரம் தேவை. பள்ளிப் படிக்கட்டில் இரண்டு படி போதும். பிள்ளை அதிலிருந்து முன்னால் இறங்கி, உடனே முடிந்த அளவு மேலே குதிக்கட்டும். மூன்று முறை. நேர் எதிரே நின்று ஒரு தடவை, பக்கவாட்டில் நின்று ஒரு தடவை போனில் ஸ்லோ மோஷனில் எடுங்கள்.

முன்னாலிருந்து பார்க்கும்போது முட்டிச் சில்லு பாதத்துக்கு நேராக நிற்கிறதா, பெருவிரலைத் தாண்டி உள்ளே போகிறதா? இரண்டு காலும் ஒன்றாகத் தரையைத் தொடுகின்றனவா? பக்கத்திலிருந்து பார்க்கும்போது முட்டியும் இடுப்பும் மடங்குகின்றனவா, இல்லை கம்பம் நட்ட மாதிரி நிற்கிறாளா? கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை கேளுங்கள். 'தொப்' என்று சத்தம் வந்தால் பாரத்தைத் தசை வாங்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்து, ஒற்றைக்காலில் நின்று மெதுவாகப் பாதி உட்காரச் சொல்லுங்கள். பத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு முட்டி நடுங்கி உள்ளே போகும். பயப்பட வேண்டாம், உங்களுடையதும் போகும். செய்து பாருங்கள்.

வீடியோ விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள். இடுப்புக்குக் கீழே எடுத்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பிள்ளைக்குக் காட்டிவிட்டு அவள் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகவே கூடாது. ஒரு வீடியோ வெளியே போனால் அந்தத் தெருவிலிருந்து அப்புறம் ஒரு பிள்ளை வராது.

இரண்டாவது: இறங்குவது

முதல் மூன்று வாரம் பாரமே தூக்க வேண்டாம். தினமும் ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் இதற்கு.

"முட்டியை வெளியே தள்ளு, இடுப்பைப் பின்னால் கொண்டு போ, நெஞ்சைத் தூக்கு" என்று ஒரே மூச்சில் மூன்று உத்தரவு போட்டால் பிள்ளை உறைந்துபோவாள். நானும் அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு பிள்ளை எதுவும் புரியாமல் முழிக்க, பக்கத்தில் நின்றவள் சொன்னாள்: "ஏய், வள்ளத்துல அலை வர்றப்ப எப்படி நிப்ப, அப்படி நில்லு." கேட்டவள் சட்டென்று முட்டியைத் தளர்த்தி, காலை அகட்டி, இடுப்பைக் கொஞ்சம் பின்னால் இறக்கி நின்றாள். நான் இரண்டு வாரமாகச் சொல்லியும் வராத நிலை அது. அன்றிலிருந்து எங்கள் மைதானத்தில் அதற்குப் பெயர் 'வள்ள நிலை'. உங்கள் பிள்ளைகளுக்கு வள்ளம் பழக்கமில்லை என்றால் கூட்டமான பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பதைச் சொல்லுங்கள்.

வரிசை இப்படி. முதலில், நின்ற இடத்திலேயே சின்னதாகக் குதித்து வள்ள நிலையில் இறங்கி, மூன்று எண்ணும்வரை அசையாமல் நிற்க வேண்டும். ஐந்து முறை, இரண்டு சுற்று. சத்தமில்லாமல் இறங்குபவளுக்குத்தான் கைதட்டல். இது வந்த பிறகு படியிலிருந்து இறங்குவது. பிறகு முன்னோக்கித் தாவி நிற்பது, பக்கவாட்டில் தாவி நிற்பது. பிறகு காற்றில் கால்வாசி வட்டம் திரும்பி இறங்குவது. இதெல்லாம் சுத்தமான பிறகே ஒற்றைக்காலில். கடைசியில், குதிக்கும்போது தோழி தோளில் லேசாகத் தட்டிவிட, அப்போதும் நேராக இறங்க வேண்டும். வாலிபாலில் பிளாக் போடும்போது, கபடியில் கோட்டைத் தாண்டும்போது நடப்பது அதுதானே.

முட்டி உள்ளே போவது நிற்கவில்லை என்றால், "உன் முட்டிக்கு ஒரு கண் இருக்கு, அது ரெண்டாவது விரலைப் பாக்கணும்" என்பேன். முட்டிச் சில்லின் மேல் பேனாவால் ஒரு கண் வரைந்து விட்டதும் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். முட்டிக்குக் கொஞ்சம் மேலே சைக்கிள் டியூப்பை வளையமாக மாட்டினால் இன்னும் சுலபம். டியூப் உள்ளே இழுக்கும்போது உடம்பு தானாக வெளியே தள்ளும்.

ஓடி நிற்பதும் இதோடு சேர்ந்ததே. ஓடிவந்து ஒரே அடியில் நிற்காமல், மூன்று நாலு சின்ன அடி வைத்து வேகத்தைக் குறைக்கப் பழக்குங்கள். திரும்பும்போது பாதம் உடம்புக்கு வெகு வெளியே போய் ஊன்றக் கூடாது. உடம்பு எந்தப் பக்கம் போகிறதோ முட்டியும் விரலும் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். கபடியில் ரைடு, அதாவது பாடிப் போகிறவள், எதிரணிப் பக்கமுள்ள போனஸ் கோட்டில் கால் வைத்து ஒரே காலில் சுழன்று திரும்புகிறாளே, அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

மூன்றாவது: பலம்

நான்காம் வாரத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டு. அரை மணி நேரம் போதும்.

சாமான்கள்: அரசு கொடுத்த பழைய பள்ளிப் பை, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் (உலர்ந்த மணல் நிரப்பினால் ஒன்று சுமார் ஒன்றரைக் கிலோ), ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் இரண்டு, சைக்கிள் டியூப், கரையில் ஒதுக்கிப்போட்ட படகுக் கயிறு ஒரு துண்டு, ஒரு ஹாலோ பிளாக் கல். கயிற்றில் தூண்டில் முள் எதுவும் சிக்கியிருக்கிறதா என்று முதலில் தடவிப் பாருங்கள்.

பஸ்கியில் தொடங்குங்கள். தோப்புக்கரணம் என்று மட்டும் சொல்லாதீர்கள். பள்ளியில் தண்டனையாகப் போட்டுப் போட்டு அந்தச் சொல்லைக் கேட்டாலே பிள்ளைகள் முகம் சுருங்கும். பாதம் தோள் அகலம், குதிகால் தரையில், பின்னால் முக்காலி இருப்பதுபோல் உட்கார்ந்து எழ வேண்டும். எட்டு முதல் பத்து, இரண்டு செட். சுத்தமாக வந்த பிறகு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

அடுத்தது குனிந்து நிமிர்வது. என்னைக் கேட்டால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மிகவும் வேண்டியது இதுதான். ஊற்றில் சிரட்டையால் தண்ணீர் மொள்ளும்போதும் குடத்தைத் தூக்கும்போதும் முதுகைத்தான் வளைக்கிறார்கள். இடுப்பை மடக்கத் தெரியாது. சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு சாண் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். முட்டியைக் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டு, பிட்டத்தால் சுவரைத் தொட வேண்டும். முதுகு நேராகவே இருக்கட்டும். தொட்டுவிட்டால் இன்னும் நாலு விரல் முன்னால் நகர்த்துங்கள். பின்தொடை இழுபடுவது தெரியும்போது, "அங்கதான், அதுதான்" என்று சொல்லுங்கள். அந்த உணர்வு ஒருமுறை பிடிபட்டுவிட்டால் எண்ணெய் கேனைக் கையில் கொடுக்கலாம். வீட்டுக்குப் போய்க் குடம் தூக்கும்போதும் அதே மாதிரி தூக்கச் சொல்லுங்கள். அதுவும் பயிற்சிக் கணக்கில் சேரும்.

ஒற்றைக்கால் வேலை: ஹாலோ பிளாக்கை ஆடாமல் தட்டையாகப் போட்டு, ஏறி, மெதுவாக மூன்று எண்ணி இறங்க வேண்டும். இறங்குவதுதான் பயிற்சி. ஒவ்வொரு காலுக்கும் எட்டு. எப்போதும் பலம் குறைந்த காலில் தொடங்குங்கள்.

பின்தொடைக்கு நார்டிக் என்று ஒரு பயிற்சி. மடித்த சாக்கின் மேல் முழந்தாளிட்டு நிற்க, தோழி கணுக்கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டும். உடம்பை முட்டியிலிருந்து தலைவரை ஒரே கோடாக வைத்து, முடிந்த அளவு மெதுவாக முன்னால் சாய்ந்து, தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றிக்கொள்ள வேண்டும். முதல் நாள் மூன்று போதும். ஆர்வக்கோளாறில் நான் பத்து கொடுத்தேன். மறுநாள் யாராலும் வகுப்பில் பெஞ்சிலிருந்து எழ முடியவில்லை. கணக்கு டீச்சர் என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

தண்டால் முழுதாக வராதவர்கள் மேசை விளிம்பிலோ திட்டிலோ கை வைத்துச் செய்யலாம். கயிற்றை வேப்பமரத்தில் கட்டி, சாய்ந்து நின்று உடம்பை இழுப்பது தோளுக்கும் முதுகுக்கும். வலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம். பக்கவாட்டு பிளாங்க் (ஒருக்களித்துப் படுத்து, முழங்கையையும் பாதத்தையும் ஊன்றி உடம்பை நேராகத் தூக்கி நிறுத்துவது) 20 விநாடி, கெண்டைக்காலுக்குக் குதிகால் உயர்த்தல் பதினைந்து. முடிவில் இரண்டு கையிலும் கேனோடு, அப்புறம் ஒரே கையில் கேனோடு, சாயாமல் முப்பது அடி நடை. இடது, வலது இரண்டும்.

எவ்வளவு கூட்டலாம்? ஒவ்வொரு செட் முடிவிலும், "இன்னும் எத்தனை எடுப்ப?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று என்றால் சரியான பாரம். ஆறு என்றால் அடுத்த வாரம் ஒரு பாட்டில் சேருங்கள். ஒன்றுகூட முடியாது என்றால் குறையுங்கள். நிலை கெட்டால் அந்த செட் அங்கேயே முடிந்தது. எட்டு என்று சொன்னதற்காக எட்டாவதைக் கோணலாக எடுக்கக் கூடாது. நோட்டுப் போட்டு ஒவ்வொருவர் பெயருக்கும் எழுதிவையுங்கள். எட்டு வாரத்தில் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். விட்டுவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், அதனால் போட்டி மாதங்களிலும் வாரம் ஒரு நாளாவது தொடருங்கள்.

மணல் பற்றி

"கடற்கரையில் ஓட விட்டாலே போதுமே" என்பவர்கள் நிறைய. மணலில் ஓட, கெட்டித் தரையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். மூச்சுக்கும் கெண்டைக்காலுக்கும் நல்லது. புதிதாகக் குதிக்கத் தொடங்குகிறவர்களுக்கு அடி குறைவு. ஆனால் மணல் எல்லாத் தப்பையும் மன்னித்துவிடும். விறைப்பாக இறங்கினாலும் வலிக்காது, கால் புதைந்து காப்பாற்றிவிடும். போட்டி நடப்பதோ செம்மண்ணிலோ, மேட் விரிப்பிலோ, சிமெண்டுத் தரையிலோ. அதனால் வாரத்தில் ஒரு நாள் மணல் போதும், அதுவும் அலை நனைத்த கெட்டி மணல். கிளிஞ்சல், கண்ணாடித் துண்டு, கருவேல முள் இருக்கிறதா என்று ஒரு நடை பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள். இன்னொன்று, வெறுங்காலிலேயே பழகிய கபடிப் பிள்ளையைப் போட்டி நாளில் முதல்முறையாக ஷூ மாட்டி மேட் விரிப்பில் இறக்காதீர்கள். விரிப்பில் ஷூவின் ரப்பர் அடிப்பாகம் கவ்விப் பிடிக்கும், கால் நிற்கும், முட்டி திரும்பும். ஒரு மாதம் முன்பே ஷூவைப் பழக்குங்கள்.

வெயில், சாப்பாடு, மாதவிலக்கு

நம் கரையில் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை காயாது, உடம்பு குளிராது. காலை ஏழரைக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல். பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும், பஸ்ஸும் பார்க்க வேண்டும். அப்படியிருந்தால் ஆட்ட நேரத்தைக் குறையுங்கள், பயிற்சியைக் குறைக்காதீர்கள். நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

வெறும் வயிற்றில் பயிற்சி வேண்டாம். மீன் பிடிக்கும் ஊரில் புரதத்துக்குப் பவுடர் டப்பா வாங்கச் சொல்பவரை நம்பாதீர்கள். நூறு கிராம் மீனில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. சூடையும் நெத்திலியும் முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் சேரும். கேப்பையிலும் கால்சியம் நிறைய. விலை கிடைக்கிற மீனெல்லாம் ஏலத்துக்குப் போய்விடும், சின்ன மீன்தான் வீட்டுக்கு வரும். இந்த விஷயத்தில் அது நல்லதாகப் போயிற்று. இரத்தசோகைதான் உண்மையான எதிரி. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை. சீக்கிரம் மூச்சு வாங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறார்களா, ஜன்னலுக்கு வெளியே போடுகிறார்களா என்றும் பாருங்கள். டீயோடு அதைச் சாப்பிடக் கூடாது.

மாதவிலக்கு நாளில் பயிற்சி செய்யலாம், கெடுதல் இல்லை. வலி அதிகமானால் அன்று விட்டுவிடலாம், விளக்கம் கேட்காதீர்கள். மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றாலோ, 15 வயதாகியும் தொடங்கவில்லை என்றாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். சாப்பாடு போதாமல் உடம்பு மிச்சம் பிடிக்கிறது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். எலும்புக்கு அது ஆபத்து.

உடையைப் பற்றிப் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள், நீங்களே சொல்லுங்கள். நெஞ்சை இறுக்கமாகத் தாங்கும் உள்ளாடை இருந்தால் கூச்சம் பாதி போய்விடும், குதிக்கும்போது கூனிக்கொள்ள மாட்டார்கள். கூனினால் இறங்குவதும் கெடும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் முக்காடு போட்டு ஆடும் பிள்ளைகளுக்கு, ஊக்கு குத்தாமல், தலையோடு ஒட்டிய, இழுத்தால் நீளும் துணி நல்லது. கால்பந்தில் ஃபிஃபாவே 2014இல் முக்காட்டை அனுமதித்துவிட்டது. யாராவது ஆட்சேபித்தால் இதைச் சொல்லுங்கள்.

வலி வந்தால்

வேகமாக வளரும் வயதில் முட்டிச் சில்லுக்குக் கொஞ்சம் கீழே எலும்பு புடைத்து, தொட்டால் வலிக்கும். தசைநார் வளரும் எலும்பை இழுப்பதால் வருவது. குதிப்பதைக் குறைத்து, வலிக்காத பயிற்சியைத் தொடரலாம். வளர்ச்சி நின்றதும் அடங்கும். சீசனில் பள்ளி டீம், ஊர் டீம், கிளப் என்று மூன்று இடத்திலும் ஆடும் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சியும் ஆட்டமும் என்றால், அவள் வயதைத் தாண்டக் கூடாது. 13 வயதென்றால் 13 மணி நேரம்.

'டப்' சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம், கால் ஊன்ற முடியாமை, முட்டி நழுவுவது போன்ற உணர்வு. இதில் எது வந்தாலும் ஆட்டம் அன்றோடு நின்றது. எண்ணெய் போட்டு நீவக் கூடாது. சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரையும் திருக விடக் கூடாது. ஐஸுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை, துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்து, காலை உயர்த்தி, எலும்பு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வீக்கம் வடிந்துவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைத்து மறுபடி ஆடப் போவதுதான் பெரிய தப்பு. கிழிந்த ஜவ்வோடு ஆடினால் முட்டிக்குள் இருக்கும் மற்ற திசுக்களும் சேர்ந்து நைந்துபோகும்.

ஜவ்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு 9 மாதத்துக்குள் போட்டி கிடையாது. 9 மாதம் ஆனாலும் காலண்டரைப் பார்த்து அனுப்பாதீர்கள். டாக்டர் சம்மதம் சொன்ன பிறகு, ஒற்றைக்காலில் தொடர்ந்து மூன்று தாவல் தாவச் சொல்லி இரண்டு காலையும் அளந்து பாருங்கள். காயம்பட்ட கால் மற்றதில் 90 சதவீதமாவது தாண்ட வேண்டும். இறங்கும்போது முட்டியும் நேராக நிற்க வேண்டும்.

அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளை இப்போது பிளஸ் ஒன். அறுவை முடிந்து பதினோரு மாதம். போன சனிக்கிழமை அளந்தோம். இடது காலில் 3.90 மீட்டர், வலது காலில் 3.30. குறைந்தது 3.51 வேண்டும். "இருபது சென்டிமீட்டர்தான் மிஸ், விடுங்க மிஸ்" என்று கெஞ்சினாள். விடவில்லை. கோபத்தில் என்னிடம் பேசாமல் ஹாலோ பிளாக்கை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். வலது காலில் தொடங்கினாள்.